ஏரிக்குள் ஓடிய குழாய்கள்

என் மனைவியும் என் தங்கையும் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கப் போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்தே நான் வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். நான் பேருந்து ஓட்டுநர். எதிரெதிரே இரண்டு வண்டிகள் முறைத்துக்கொண்டு வந்தால் ஓரமாக ஒதுங்கி நிற்கத் தெரிந்தவன்.

இருவருக்கும் ஒரே தொழில். என் மனைவி எங்கள் ஊர்க் குடிநீர் அலுவலகத்தில் வரைபடப் பிரிவு. எந்தக் குழாய் எந்தத் தெருவுக்கு அடியில் போகிறது, எங்கே வளைகிறது, அதை அடைக்கும் வால்வு எங்கே புதைந்திருக்கிறது என்பதெல்லாம் அவள் கணினிக்குள் இருந்தது. என் தங்கை சிட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் அதே வேலை. நிற்கிற இடத்தில் நிற்க மாட்டாள் என்பதற்காக நான் சின்ன வயதில் வைத்த பெயர். பெயர் வைத்த பாவத்துக்கு இன்றுவரை அவள் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு அலுவலகங்களையும் ஒன்றாக்குவது என்று மேலிடத்தில் முடிவு செய்தார்கள். வரைபடப் பிரிவுக்கு ஒரே ஒரு தலைமை போதும் என்றும் முடிவு செய்தார்கள். அது யார் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

அடுத்த சிக்கல் மென்பொருள். இரண்டு ஊரிலும் இருந்தது ‘நிலவரை’ என்ற ஒரே மென்பொருள்தான். பெயரைக் கேட்ட எல்லாரும் முதலில் நிலவறை என்றுதான் எழுதுவார்கள். பூமிக்கடியில் இருப்பதைத்தானே காட்டுகிறது, எப்படி எழுதினால் என்ன என்று நான் ஒருமுறை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் என் மனைவியிடம் இருந்தது மூன்றாம் பதிப்பு. சிட்டுவிடம் இருந்தது ஏழாம் பதிப்பு. ஒன்றின் கோப்பை மற்றது சீண்டக்கூட மாட்டாது.

அந்த மென்பொருளின் கதையை இரண்டு பேர் வாயாலும் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். அதை எழுதியவர்கள் இரண்டு நண்பர்கள். ஒருவர் நிலம் அளப்பவர், இன்னொருவர் கணினி விளையாட்டுகள் எழுதிக்கொண்டிருந்தவர். முதல் பதிப்பில் கோடு மட்டும் வரையலாம், நிறம் கிடையாது. மூன்றாம் பதிப்பில்தான் அவர்களுக்குக் காலம் பிறந்தது. அலுவலகம் அலுவலகமாக வாங்கினார்கள். கணினியின் முதுகில் விரல் அளவுக்கு ஒரு பூட்டுச் சாவியைச் செருகினால்தான் அது திறக்கும். பிறகு நண்பர்கள் முறைத்துக்கொண்டு பிரிந்தார்கள். விளையாட்டு எழுதியவர் தன் பங்கைப் பிடுங்கிக்கொண்டு போய்விட, நான்காம் பதிப்பை முதலிலிருந்து புதிதாக எழுத வேண்டியதாயிற்று. அதை வாங்கியவர்கள் யாரும் அதைப் பற்றி வெளியில் சொல்வதில்லை என்பாள் சிட்டு. ஐந்தாம் பதிப்பில் சுதாரித்தார்கள். அப்புறம் யாரோ பெரிய ஆட்கள் நிறுவனத்தையே வாங்கி, ஏழாம் பதிப்பில் உள்ளும் புறமும் மாற்றிவிட்டார்கள். ஒவ்வொரு பதிப்பும் தனக்கு முந்தைய இரண்டு பதிப்புகளின் கோப்பை மட்டுமே திறக்கும். அதற்கு முன்னால் இருந்தவர்களை அதற்குத் தெரியவே தெரியாது.

“அண்ணி, மூணுலேருந்து நேரா ஏழுக்குத் தாவ முடியாது. நடுவுல அஞ்சுல ஏறி இறங்கணும்,” என்றாள் சிட்டு, புது அறையில் நாற்காலி போட்ட முதல் நாளே.

“அதுக்கு அஞ்சு எங்க இருக்கு? கம்பெனிதான் இழுத்து மூடியாச்சே,” என்றாள் என் மனைவி.

“தேடுவோம். இல்லைன்னா எல்லாத்தையும் திரும்ப வரையணும்.”

“வரைஞ்சுக்கலாமே. எனக்கு என் மூணாம் வெர்ஷன் போதும். நான் பாட்டுக்கு என் மூலைல வேலை பார்த்துட்டுப் போறேன்.”

இந்த உரையாடலை அன்று சாயங்காலம் நான் இரண்டு தடவை கேட்டேன். வீட்டில் ஒரு தடவை, தொலைபேசியில் ஒரு தடவை. இரண்டிலும் சொற்கள் ஒன்றுதான், குரல்தான் வேறு. என் மனைவி சொன்னபோது சிட்டு அதிகாரம் செய்தாள். சிட்டு சொன்னபோது அண்ணி முரண்டு பிடித்தாள்.

ஆனால் என் மனைவி முரண்டு பிடித்ததன் காரணம் எனக்குத் தெரியும். மூன்றாம் பதிப்பில் சுட்டியே தேவையில்லை, எல்லாம் விசைப்பலகைதான். அவள் விரல்கள் அதில் ஓடுவதைப் பார்க்க வேண்டும். நான் கியர் மாற்றுவது போல, பார்க்காமலே. ஏழாம் பதிப்பின் முன்னால் அவளை உட்கார வைத்த அன்று, ஒரு கோடு போடுவதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டதாம். இதைச் சிட்டு என்னிடம் சொல்லவில்லை. என் மனைவியே, துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, வேறு யாருக்கோ நடந்தது போலச் சொன்னாள்.

ஐந்தாம் பதிப்பைக் கண்டுபிடித்தது சிட்டுதான். தெரிந்த அலுவலகம் ஒன்று விடாமல் தொலைபேசியில் குடைந்து, கடைசியில் எங்கள் ஊர் எல்லையில் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் போய் நின்றாள். அங்கே யார் எங்கே படுத்திருக்கிறார்கள் என்பதை நிலவரை ஐந்தாம் பதிப்பில்தான் வைத்திருந்தார்கள்.

எனக்கு அன்று விடுப்பு. இரண்டு பேரையும் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். என் மனைவி முன்னால், சிட்டு பின்னால். கண்ணாடியில் பார்த்தால் இருவரும் வெவ்வேறு சன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கல்லறைக் காப்பாளர் நல்ல பருமனான, சிரித்த முகமுள்ள மனிதர். வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். கிரானைட் மாதிரிகள் அடுக்கிய சின்ன அறை, சன்னலோரம் ஒரு பழைய கணினி, அதன் மேல் தூசி படாமல் ஒரு பூப்போட்ட துணி.

“ஏன் சார், நீங்க மட்டும் புது வெர்ஷனுக்கு மாறலையா?” என்று நான்தான் கேட்டேன்.

“எதுக்குங்க? இங்க இருக்கறவங்க யாரும் இடம் மாறப்போறதில்லை. புதுசா வர்றவங்களும் வெர்ஷன் கேக்கறதில்லை,” என்றார்.

என் மனைவி சிரித்துவிட்டாள். சிட்டுவும். காரில் ஏறியதிலிருந்து இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அது.

என் மனைவியின் பழைய அலுவலகக் கணினியிலிருந்து கோப்பை ஃப்ளாப்பி நெகிழ்வட்டுகளில்தான் எடுக்க முடிந்திருந்தது. ஊர் முழுவதும் ஒரு வட்டில் அடங்காததால், கிழக்குத் தெருக்கள் ஒன்றில், மேற்கு இன்னொன்றில் என்று என் மனைவி பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் ஒட்டி எழுதியிருந்தாள். அவள் ஒவ்வொரு வட்டாகக் கொடுக்க, சிட்டு செருக, கணினி கரகரவென்று அரைத்தது. ஒரு வட்டு திறக்க மறுத்தது. என் மனைவி கைப்பைக்குள் கைவிட்டு அதன் நகலை எடுத்து நீட்டினாள். நகல் எடுத்து வைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியும், சிட்டுவுக்குத் தெரியாது. “பரவாயில்லையே அண்ணி,” என்றாள். என் மனைவிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, காட்டிக்கொள்ளவில்லை.

கடைசியில் ஐந்தாம் பதிப்பு எல்லாவற்றையும் விழுங்கித் தன் வடிவத்தில் கக்கியது. அதை எடுத்துப்போய் ஏழாம் பதிப்பில் திறந்தார்கள். ஊர் திறந்தது. எங்கள் ஊரின் குழாய்கள், வளைவுகள், வால்வுகள், ஒன்று பாக்கியில்லாமல் எல்லாம் இருந்தன. ஆனால் எல்லாமே பக்கத்து ஏரிக்குள் இருந்தன.

“அண்ணா, உங்க ஊர்த் தண்ணியெல்லாம் ஏரிக்குள்ளயே ஓடி ஏரிக்குள்ளயே விழுது,” என்று சிட்டு என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மீன்களுக்குக் குடிநீர் இணைப்பு கொடுத்த ஒரே ஊர் இதுதானாம்.

காரணம் எளிதுதான். மூன்றாம் பதிப்பில் பூச்சியம் எங்கே என்பதை வரைகிறவரே வைத்துக்கொள்ளலாம். எங்கள் ஊர் வரைபடத்தைத் தொடங்கியவர்கள் மேல்நிலைத் தொட்டியின் அடிவாரத்தைப் பூச்சியமாக வைத்து, அங்கிருந்து எல்லாவற்றையும் அளந்திருந்தார்கள். ஏழாம் பதிப்புக்கு அந்தப் பேச்செல்லாம் புரியாது. அதற்கு நாடு முழுமைக்கும் ஒரே பூச்சியம்தான். சிட்டு தொட்டி இருக்கும் இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்து, வரைபடத்தை அப்படியே தூக்கி அங்கே கொண்டுபோய் வைத்தாள். தொட்டியின் மேல் தொட்டி, சந்தின் மேல் சந்து, கச்சிதமாக உட்கார்ந்தது. மேலாளர் வந்து பார்த்துவிட்டு அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. இனி என் மனைவியின் பழைய கணினி எதற்கு என்று அதைக் கட்டி, கிட்டங்கிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த வாரக் கடைசியில் சிட்டு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோதுதான் என் மனைவி வாயைத் திறந்தாள்.

“சிட்டு, பள்ளிக்கூடத்துகிட்ட குழாய் கொஞ்சம் தள்ளி இருக்கற மாதிரி இருக்கு. சுவரை ஒட்டிப் போகும். இப்போ பார்த்தா மைதானத்துக்குள்ள போகுது.”

“கொஞ்சம்தானே அண்ணி. அந்தக் காலத்துல டேப்பைப் பிடிச்சு அளந்த மேப். தொட்டிகிட்ட எல்லாம் டாண்ணு உக்காந்திருக்கே. இங்க தள்ளியிருந்தா அது உங்க பழைய மேப்போட தப்பு.”

“என் மேப்புல தப்பு இல்லை.”

“சாஃப்ட்வேர் கணக்குல தப்பு வராது அண்ணி.”

“அப்போ தப்பு என்கிட்டயா?”

நான் இன்னும் கொஞ்சம் குழம்பு வேண்டுமா என்று கேட்டேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையில் குழம்பே ஆறிப்போயிருக்கும். அதிலிருந்து இருவருக்கும் பேச்சு நின்றது. ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு, சன்னலைத் திறக்கவா மூடவா என்பதைக்கூடக் காவலாளியை விட்டுக் கேட்டார்களாம்.

அந்த நிலையில்தான் கடைத்தெருவில் குழாய் வெடித்தது.

காலை நேரம். நான் வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பினால், ரொட்டிக் கடைக்கு முன்னால் சாலையைப் பிளந்துகொண்டு தண்ணீர் ஆள் உயரத்துக்கு எழும்பிக்கொண்டிருந்தது. முன்னேயும் போக முடியாது, பின்னேயும் வண்டிகள். நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டேன். இறங்கி நடக்கிறவர்கள் நடந்தார்கள், வேடிக்கை பார்க்கிறவர்கள் சன்னலோர இருக்கைக்கு மாறினார்கள்.

குழாய் மேஸ்திரி ஆட்களோடு அதற்குள் வந்துவிட்டிருந்தார். சிட்டுவும் மடிக்கணினியோடு நின்றிருந்தாள். வால்வு இருப்பதாக அவள் காட்டிய இடம் மூக்குக் கண்ணாடிக் கடையின் வாசல். வெட்டினார்கள். காய்ந்த மண். இன்னும் வெட்டினார்கள். இன்னும் காய்ந்த மண். கண்ணாடிக் கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“இங்கதான் இருக்கணும்,” என்றாள் சிட்டு. குரலில் சுரத்து இல்லை.

“வால்வு இல்லைன்னா தொட்டியிலயே அடைக்கணும்மா,” என்றார் மேஸ்திரி. “அடைச்சா ஆஸ்பத்திரிக்கும் தண்ணி நின்னுடும். இருங்க, நம்ம அக்காவுக்குப் போன் போட்டுட்டேன்.”

அலுவலக வண்டியிலிருந்து என் மனைவி இறங்கினாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து வந்தாள். சிட்டுவைப் பார்க்காமல் மேஸ்திரியிடம்தான் பேசினாள். மடிக்கணினியில் தண்ணீர் தெறிக்கவே, சிட்டு சுற்றிலும் பார்த்துவிட்டு என் பேருந்துக்குள் ஏறினாள். மேஸ்திரி ஏறினார். வேறு வழியில்லாமல் என் மனைவியும் ஏறினாள். பெண்கள் இருக்கை ஒன்றில் கணினியை வைத்து, அதைச் சுற்றி மூவரும் நின்றார்கள். பின்னால் பயணிகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

என் மனைவி திரையை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, நேராகச் சிட்டுவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“தொட்டிகிட்ட தப்பே இல்லை. பள்ளிக்கூடத்துகிட்ட ஒரு சுவர் தள்ளி இருந்தது. இங்க குழாய் வெடிச்ச இடமே ஒரு ரோட்டகலம் தள்ளி இருக்கு. தூரம் போகப் போக அதிகமாகுது, கவனிச்சியா?”

சிட்டுவின் கண்கள் திரையில் அங்கும் இங்கும் ஓடின.

“தள்ளலை அண்ணி,” என்றாள் மெதுவாக. “திரும்பியிருக்கு. மொத்த மேப்பும் தொட்டியைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்சம் திரும்பி நிக்குது. வடக்கை எதை வெச்சுப் பிடிச்சாங்க?”

“காந்த ஊசி. தொட்டி மேல ஏறி நின்னு பார்த்தாங்கன்னு சொல்லுவாங்க.”

“அதான்! ஊசி காட்டற வடக்கு வேற, நிஜ வடக்கு வேற. நான் தூக்கி வெச்சேன், திருப்ப மறந்துட்டேன்.”

எனக்கு அது உடனே புரிந்தது. ஸ்டியரிங் துளி திரும்பியிருந்தால் வாசலில் ஒன்றும் தெரியாது, தெருக்கோடியில் அடுத்தவன் வீட்டுக்குள் போய் நிற்கும். ஆனால் எவ்வளவு திருப்புவது? அதற்குத் தொட்டியைத் தவிர, இடம் சரியாகத் தெரிந்த இன்னொரு புள்ளி வேண்டுமாம். அதுவும் பழைய வரைபடத்திலும் இருக்க வேண்டும்.

“கல்லறைத் தோட்டம்!” என்றாள் என் மனைவி. “வாசல்ல அவருக்கு ஒரு குழாய் இருக்கு. என் மேப்புலயும் இருக்கு. அவர் மேப் சர்வேயரை வெச்சு அளந்தது, நிஜ வடக்கு.”

சொல்லிக்கொண்டே எண்ணைப் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள். காப்பாளர் எடுத்தார். விஷயத்தைக் கேட்டதும், “இருங்கம்மா, துணியை எடுக்கறேன்,” என்றார். கணினியின் மேல் போட்டிருந்த பூப்போட்ட துணிதான். கணினி உயிர் பெற்று எழுந்து வருவதற்குள் பேருந்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் தொட்டிக்குள் ஆளை இறக்கச் சொன்னார். இன்னொருவர் வண்டியைக் கொண்டுபோய்ப் பள்ளத்தின் மேல் நிறுத்திவிடச் சொன்னார். என் வண்டியை!

காப்பாளர் எண்களைப் படித்தார். பின் இருக்கையில் இருந்த ஒரு டீச்சரம்மா யாரும் கேட்காமலே அவற்றைத் திரும்பச் சொன்னார், ஒப்புவிக்கச் சொல்கிற குரலில். சிட்டு தட்டினாள். திரையில் எங்கள் ஊர் மெல்லத் திரும்பியது. யாரோ தட்டைச் சற்றே நகர்த்தி வைத்தது போல, கொஞ்சம்தான். பள்ளிக்கூடத்துக் குழாய் மைதானத்தை விட்டு வெளியே வந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது. கடைத்தெரு வால்வு சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய், பூக்கடையின் வாளிகளுக்கு அடியில் நின்றது.

“அங்க!” என்று இருவரும் ஒரே நேரத்தில் கையைக் காட்டினார்கள்.

பூக்கடைக்காரி வாளிகளை அகற்றிக்கொண்டே, “இது தெரிஞ்சிருந்தா நான் தண்ணிக்கு அலைஞ்சிருக்கவே மாட்டேனே,” என்றாள். மேஸ்திரியின் ஆட்கள் வெட்டினார்கள். மண்வெட்டி இரும்பில் மோதிய சத்தம் பேருந்துக்குள் கேட்டது. மூடியைத் திறந்து, நீளச் சாவியைப் போட்டு, இரண்டு பேர் சேர்ந்து திருகினார்கள். எழும்பி நின்ற தண்ணீர் இடுப்பளவு இறங்கியது, முழங்காலளவு, பிறகு குமிழி விட்டு அடங்கியது. வண்டிக்குள் கை தட்டினார்கள். டீச்சரம்மா தட்டவில்லை, “ம், சரி,” என்றார்.

சிட்டு இருக்கையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “அண்ணி, அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.”

“நானும் தூரம் தூரமாப் போய் நாலு இடத்துல ஒப்பிட்டுப் பார்த்திருக்கணும். கோவத்துல பார்க்கலை,” என்றாள் என் மனைவி. பிறகு, “கால் நனைஞ்சிடுச்சு பாரு, துடை,” என்று கைக்குட்டையை நீட்டினாள். நனைந்திருந்தது அவளுடைய கால்தான் அதிகம்.

மேலாளர் முடிவைச் சொல்ல அதிக நாள் எடுத்துக்கொள்ளவில்லை. தலைமைப் பொறுப்பு சிட்டுவுக்கு. இரண்டு ஊர் வரைபடமும் இனி ஏழாம் பதிப்பில்தான், அதைக் கரைத்துக் குடித்தவள் அவள்தான் என்றார். நியாயமான பேச்சுதான். நியாயமாக இருப்பதால் வலிக்காமல் போய்விடுமா? அன்று என் மனைவி வீட்டுக்கு வந்து வெங்காயம் நறுக்கினாள். அந்தக் கத்தி பலகையில் விழுந்த வேகத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சன்னலைத் திறந்து பார்த்தார்.

“என்னங்க, சிட்டுகிட்ட நான் மேடம்னு கூப்பிடணுமா?” என்று கேட்டாள்.

“கூப்பிட்டா அவ பயந்துடுவா.”

“அப்போ கூப்பிடறேன்,” என்றாள். கண்ணில் நீர் இருந்தது. வெங்காயம் என்று நான் எடுத்துக்கொண்டேன், அவளும் அப்படியே விட்டுவிட்டாள்.

அவளுடைய வருத்தம் ஓரிரு நாளில் தீர்ந்துவிடவில்லை. காலையில் கிளம்பும்போது வாசலில் நின்று ஒரு பெருமூச்சு விடுவாள். பிறகு ஒருநாள் சிட்டுவிடம் நேராகப் போய், “மேப்பைத் திருப்பியாச்சு, சரி. ஆனா தெருத்தெருவா நடந்து போய் ஒவ்வொரு வால்வும் அங்க இருக்கான்னு யார் பார்க்கறது? அந்த வேலையை எனக்குக் குடு,” என்று கேட்டாளாம். உட்கார்ந்தே பழகியவள் இதற்குத் தாங்குவாளா என்று சிட்டு என்னிடம் கேட்டாள். நான் அதற்குப் பிடி கொடுக்கவில்லை. இந்தக் குடும்பத்தில் கருத்துச் சொல்லிப் பிழைத்தவர் யாரும் கிடையாது.

இப்போது என் தடத்தில் எந்தத் தெருவில் அவள் நிற்பாள் என்று சொல்ல முடியாது. பளபளக்கும் மஞ்சள் மேலங்கி, தோளில் இடம் காட்டும் கருவி, கையில் சுண்ணக்கட்டி. தரையில் குறி போட்டுக்கொண்டே, என் வண்டி வந்தால் நிமிராமலே கையை மட்டும் ஆட்டுவாள். வெயிலில் கறுத்துப்போய்விட்டாள். வீட்டுக்கு வந்தால் வாய் ஓயாமல் பேசுகிறாள். எந்த வீட்டுக்காரர் வால்வின் மேல் சிமெண்டு போட்டுவிட்டார், யார் வீட்டு நாய் விரட்டியது, தானே சுட்டியைப் பிடித்து ஏழாம் பதிப்பில் எத்தனை தெருவைத் திருத்தினாள் என்றெல்லாம். வியர்த்ததா என்று நான் கேட்பதில்லை.

விடுமுறை நாளில் சிட்டு வருகிறாள். சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, பிரதானக் குழாய்க்கு நீலமா பச்சையா என்று இருவரும் சண்டை போடுகிறார்கள். நான் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். போன வாரம் என்னிடமும் கேட்டார்கள். சிவப்பு என்றேன். இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஒரு பிடி பிடித்தார்கள்.